எல்பிஎன் படிக்க கிராண்ட் எவ்வளவு கிடைக்கும், எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஊரில் பி.காம். முடித்தவர், இப்போது ஒரு நர்சிங் ஹோமில் சிஎன்ஏ, அதாவது நர்சிங் உதவியாளர். கணவருக்கு வேர்ஹவுஸ் வேலை, இரண்டு பிள்ளைகள். எல்பிஎன் (உரிமம் பெற்ற பிராக்டிகல் நர்ஸ்) படிக்க ஆசை. பக்கத்தில் உள்ள தனியார் பள்ளி 32,000 டாலர் கேட்கிறது. "இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள், பணத்தை எய்டு பார்த்துக்கொள்ளும்" என்கிறது. எய்டு என்றால் மாணவர் உதவிப் பணம். திருப்பிக் கட்ட வேண்டாத பணமாக, அதாவது கிராண்டாக, எவ்வளவு கிடைக்கும்?

கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் படிப்புக்குக் கிடைக்கும் இலவசப் பணத்தில் பாதி, வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டிருந்தால்தான் கிடைக்கும். சேர்ந்துவிட்டுத் தேடினால் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான்.

எந்தப் பள்ளி என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. மாநில நர்சிங் போர்டின் அனுமதி ஒன்று. மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில், அதாவது டைட்டில் ஃபோரில், பள்ளி சேர்ந்திருப்பது வேறு. முதலாவது இருந்தால் நீங்கள் எல்பிஎன் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் பிஎன் தேர்வு எழுதலாம். இரண்டாவது இல்லாவிட்டால், குறைந்த வருமானக்காரருக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்டும் கிடையாது, மத்திய அரசுக் கடனும் கிடையாது. "நாங்கள் போர்டு அப்ரூவ்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பணத்துக்குத் தங்கள் சொந்தத் தவணைத் திட்டத்தைக் காட்டும் பள்ளிகள் உண்டு. ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பப் படிவத்துக்குள் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் டைட்டில் ஃபோரில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பள்ளி பட்டியலில் இருந்தாலும், குறிப்பாகப் பிராக்டிகல் நர்சிங் படிப்பு எய்டுக்குத் தகுதியானதா என்று ஃபைனான்ஷியல் எய்ட் ஆஃபீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

அடுத்து, அதே ஊரில் பொதுப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ், மாநிலத்தின் டெக்னிக்கல் காலேஜ், நியூயார்க் மாநிலம் என்றால் போசஸ் என்ற பொதுத் தொழிற்கல்வி மையங்கள் என்று பல இடங்களில் இதே படிப்பு உண்டு. கட்டணம் பெரும்பாலும் தனியார் பள்ளியின் பாதிக்கும் கீழே. காத்திருப்போர் பட்டியலும் டீஸ் போன்ற நுழைவுத் தேர்வும் இருக்கும். அதனால்தான் பலர் தனியார் பக்கம் போகிறார்கள். ஆறு மாதம் காத்திருந்து 15,000 டாலர் மிச்சமாகும் என்றால் காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. கிராண்டின் தொகை பள்ளியைப் பார்த்துப் பெரிதாக மாறுவதில்லை. கட்டணம் குறைந்த இடத்தில் அது முழுச் செலவையும் அடைத்துவிடும், கூடிய இடத்தில் மீதி உங்கள் தலையில் கடனாக விழும்.

இப்போது பெல் கிராண்ட். 2025-26 கல்வியாண்டில் இதன் உச்சத் தொகை 7,395 டாலர். ஃபாஃப்சா படிவம் வழியாக விண்ணப்பம், கட்டணம் ஏதும் இல்லை. "நிரப்பித் தருகிறோம், 150 டாலர் கொடுங்கள்" என்பவர்களிடம் போக வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர், அகதி, அசைலம் பெற்றவர் ஆகியோருக்குத் தகுதி உண்டு. எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவருக்கு இல்லை. பார்க்கப்படுவது படிப்பவரின் நிலைதான். கணவர் வேறு விசாவில் இருந்தாலும் அதனால் உங்கள் தகுதி போகாது.

நீங்கள் திருமணமானவர் என்பதால் இன்டிபென்டன்ட் மாணவர். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் அந்தக் கூட்டு வருமானம் வரித் துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து நேராக வந்துவிடும். தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் கணவரும் ஸ்டூடன்ட்எய்ட் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கித் தன் சம்மதத்தைத் தர வேண்டும். இந்தச் சம்மதக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுவதுதான் விண்ணப்பம் முடங்கிக் கிடப்பதற்கு அடிக்கடி காணும் காரணம். பள்ளிக்குப் போய்க் கேட்டால் "இன்கம்ப்ளீட்" என்பார்கள். வீட்டில் யாருக்கும் ஏன் என்று தெரியாது.

பிள்ளைகள் உள்ள தம்பதியின் வருமானம், குடும்ப அளவுக்கு உரிய மத்திய வறுமைக் கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருந்தால் முழு பெல் கிடைக்கும். அதற்கு மேலே போகப் போகத் தொகை குறையும், உடனே சுழியாகிவிடாது. படிவம் பார்ப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானத்தை. 2026-27க்கான படிவம் 2024 வரிக் கணக்கைப் பார்க்கும். அதற்குப் பிறகு கணவருக்கு வேலை போயிருந்தால், அல்லது நீங்கள் படிப்புக்காக ஷிஃப்டைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால், எய்ட் ஆஃபீஸில் "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்" கேளுங்கள். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், ஒரு பக்க விளக்கம் ஆகியவற்றை வைத்து வருமானத்தைத் திருத்தும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்குச் சட்டப்படி உண்டு. கேட்காதவருக்கு அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

இனி உங்கள் பி.காம். இதைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். பேச்சலர் பட்டம் பெற்றவருக்கு பெல் கிராண்ட் கிடையாது. எஃப்எஸ்இஓஜி என்ற துணை கிராண்டும் கிடையாது. பட்டம் அமெரிக்காவில் வாங்கியதா, மதுரையில் வாங்கியதா என்பது இங்கே பொருட்டல்ல. "இந்தியப் பட்டம்தானே, யாருக்குத் தெரியும்" என்று மறைக்கச் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். படிவத்தில் பொய் சொல்லி வாங்கிய கிராண்ட் பின்னால் தெரியவந்தால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும்; பொய்த் தகவல் கொடுத்ததற்கான தண்டனை தனி.

ஆனால் நேர்மையான ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் அமெரிக்கப் பேச்சலர் பட்டத்துக்குச் சமம் அல்ல என்பதற்கு எழுத்து ஆதாரம் கொடுத்தால், உங்களுக்குப் பேச்சலர் பட்டம் இல்லை என்று பள்ளி முடிவெடுக்கலாம். நம்மூர் பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. எல்லாம் மூன்று வருடம், இங்கே நான்கு. எய்ட் ஆஃபீஸுக்குக் கொண்டுபோக வேண்டியவை: ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், படிப்பின் கால அளவு மூன்று வருடம் என்று காட்டும் பல்கலைக்கழக ஆவணம். பலர் முதல் வேலையாகச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சில நிறுவனங்கள் மூன்று வருடப் பட்டத்தையும் அமெரிக்கப் பேச்சலருக்குச் சமம் என்று எழுதிவிடும், வேறு சில "மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு" என்று எழுதும். வேலை தேடும்போது முதல் வகை நல்லது. பெல் கேட்கும்போது அதுவே கையைக் கடிக்கும். பள்ளி எந்த ஆவணத்தை ஏற்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, அதை மட்டும் கொடுங்கள். முடிவு அந்தப் பள்ளியின் கையில். ஒரு பள்ளி மறுத்ததை இன்னொன்று ஏற்பதும் உண்டு. பி.இ., பி.எஸ்சி. நர்சிங் போன்ற நான்கு வருடப் பட்டம் என்றால் இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான். அவர்கள் பெல்லை மறந்துவிட்டு, கீழே சொல்லும் மற்ற வழிகளைப் பார்க்கலாம்.

பணம் எப்படி வந்து சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் மாதாந்திரக் கணக்கு உதைக்கும். பிராக்டிகல் நர்சிங் படிப்பைப் பல இடங்களில் கிரெடிட்டில் அல்ல, மணியில் அளக்கிறார்கள். ஃபுளோரிடாவின் டெக்னிக்கல் கல்லூரிகளில் இது 1,350 மணி. எய்டு கணக்கில் குறைந்தபட்சக் கல்வியாண்டு 900 மணியும் 26 வாரமும். ஆக, முழு பெல் உள்ளவருக்கு முதல் 900 மணிக்கு 7,395 டாலர், 450 மணிக்கு ஒரு தவணையாக இரண்டு முறை, தலா 3,697 டாலர் சுமாருக்கு வரும். மீதி 450 மணிக்கு இன்னொரு பாதி. மொத்தம் ஏறக்குறைய 11,000 டாலர். கவனிக்க வேண்டியது: இரண்டாம் தவணை நாள்காட்டியைப் பார்த்து வராது. முதல் 450 மணியையும் அதற்குரிய வாரங்களையும் நீங்கள் உண்மையில் முடித்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று 40 மணி விட்டுப்போனால் அதை ஈடுகட்டும் வரை பல பள்ளிகளில் பணம் நகராது. அந்த மாத வாடகைக்கு அதை நம்பியிருந்தால் திண்டாட்டம்தான். இன்னொன்று, எய்டு ஆண்டு ஜூலை 1 அன்று மாறுகிறது. ஜனவரியில் சேருபவர் படிப்பின் நடுவில் அடுத்த ஆண்டுக்கான ஃபாஃப்சாவையும் போட வேண்டும். மறந்தால் கடைசித் தவணை வராது.

வகுப்பு தொடங்குமுன் கையிலிருந்து போகும் சில்லறைச் செலவுகள் வேறு: நுழைவுத் தேர்வு, பின்னணிச் சோதனை, போதைமருந்துப் பரிசோதனை, டிபி டெஸ்ட், ஹெபடைட்டிஸ் பி ஊசி அல்லது டைட்டர் (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனை), பிஎல்எஸ் கார்டு (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்று), யூனிஃபார்ம், ஸ்டெத். இவற்றில் பல, எய்டு வருவதற்கு முன்பே கேட்கப்படும். தடுப்பூசிகளை உங்கள் நர்சிங் ஹோமிலோ கவுன்ட்டி சுகாதார மையத்திலோ போட்டுக்கொண்டால் மிச்சம். சிஎன்ஏ என்பதால் பாதி ஆவணம் உங்கள் வேலைக் கோப்பிலேயே இருக்கும், நகல் கேளுங்கள். புத்தகத்துக்கு ஒரு விதி கைகொடுக்கும்: கட்டணம் போக பெல்லில் மீதி வரும் என்றிருந்தால், பாடம் தொடங்கிய ஏழாம் நாளுக்குள் புத்தகம் வாங்க வழி செய்து தருவது பள்ளியின் கடமை. இதைப் பெயர் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதோடு, உரிமம் பெறும் செலவையும் படிப்பின் மொத்தச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. என்கிளெக்ஸ் பிஎன் தேர்வுக் கட்டணம் மட்டும் 200 டாலர், மாநில உரிமக் கட்டணம் தனி.

பெல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டிய இடம், அரசின் வேலைவாய்ப்பு மையமான அமெரிக்கன் ஜாப் சென்டர். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வியோவா என்ற வேலைப் பயிற்சி நிதி இங்கேதான் இருக்கிறது. நம்மவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத கதவு இது. "வேலை இல்லாதவர்களுக்கானது" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குறைந்த வருமானத்தில் வேலை செய்பவர்களுக்கும் உண்டு, அவர்களுக்கு முன்னுரிமையே உண்டு. பட்டம் இருப்பது இங்கே தானாகத் தடையாவதில்லை. கிரீன் கார்டு, வருமானச் சான்று, முகவரிச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கும் வாசிப்பும் சோதிப்பார்கள், ஒரு கேஸ் மேனேஜர் வருவார், சில மையங்களில் இரண்டு மூன்று பள்ளிகளை ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்வார்கள். அதன்பின் இன்டிவிஜுவல் டிரெய்னிங் அக்கவுன்ட் என்ற வவுச்சர். உச்சவரம்பை அந்தந்த உள்ளூர் வேலைவாய்ப்பு போர்டு வைக்கிறது. கட்டணம் மட்டுமில்லாமல் புத்தகம், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், பெட்ரோல், சில நேரம் குழந்தைக் காப்பகம்வரை கொடுப்பார்கள்.

இதில் சிக்கல் இரண்டு. மாநிலத்தின் தகுதி பெற்ற பயிற்சி நிறுவனப் பட்டியலில் உங்கள் பள்ளியும் இந்தப் படிப்பும் இருந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், வவுச்சர் கையெழுத்தாகும் முன் நீங்கள் வகுப்பில் சேர்ந்து பணம் கட்டிவிட்டால் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். பயிற்சிக்கு ஒப்புதல் வரச் சில வாரங்கள் ஆகும், இரண்டு மாதம்கூட இழுக்கும். நிதியாண்டின் கடைசியில் பணம் தீர்ந்து "ஜூலையில் வாருங்கள்" என்பதும் நடக்கும். அதனால்தான் கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றது. பெல்லுக்கு விண்ணப்பித்த ஆதாரத்தையும் இவர்கள் கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த மறுப்பே போதும்.

மாநில கிராண்டுகள் ஊருக்கு ஊர் வேறு. ஜார்ஜியாவில் ஹோப் கிராண்ட், டெக்னிக்கல் காலேஜின் டிப்ளமோ, சான்றிதழ் படிப்புகளுக்கானது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, படிக்கும்போது 2.0 ஜிபிஏவைக் காப்பாற்ற வேண்டும். அதன் மேல் ஹோப் கரியர் கிராண்ட் என்று கூடுதல் தொகை இருக்கிறது, பிராக்டிகல் நர்சிங் அந்தப் பட்டியலில் உண்டு. டென்னசியில் ரீகனெக்ட் திட்டம், மற்ற கிராண்டுகள் போக மிஞ்சும் கட்டணத்தை அடைக்கிறது. உங்கள் மாநிலத்தின் உயர்கல்வி உதவி முகமையின் தளத்தில் எல்பிஎன் என்று தேடாதீர்கள், "சான்றிதழ் படிப்பு", "வேலைவாய்ப்பு கிராண்ட்" என்ற பிரிவுகளில் பாருங்கள். மாநிலத்தில் குடியிருந்த காலமும் முந்தைய பட்டமும் பல திட்டங்களில் நிபந்தனை.

தேடலில் அடிக்கடி மேலே வரும் நர்ஸ் கார்ப்ஸ் ஸ்காலர்ஷிப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அது ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) படிப்புகளுக்கானது, எல்பிஎன்னுக்கு இல்லை. கணவரோ மனைவியோ ராணுவப் பணியில் இருந்தால் மைகா என்ற திட்டம் மொத்தம் 4,000 டாலர்வரை தருகிறது. அதற்குப் பதவி நிலை வரம்பு உண்டு.

உங்கள் நர்சிங் ஹோமையும் கேளுங்கள். உரிமம் பெற்ற நர்ஸுக்கு அலையும் இடம் அது, உங்களை அங்கேயே வைத்திருக்க அவர்களுக்கும் ஆசைதான். முதலாளி வருடத்துக்கு 5,250 டாலர்வரை படிப்புக்குக் கொடுப்பது உங்களுக்கு வருமான வரி இல்லாத பணம். யூனியன் உள்ள இடம் என்றால் யூனியனின் பயிற்சி நிதி தனி. நியூயார்க்கின் 1199எஸ்இஐயு என்ற மருத்துவப் பணியாளர் யூனியன் இதில் பெயர் பெற்றது. முதலாளி பணம் தந்தால் ஒப்பந்தமும் நீட்டுவார், இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். நடுவில் விலகினால் முழுத் தொகையா, வேலை செய்த மாதங்களைக் கழித்தா? முதல் முறை என்கிளெக்ஸ் தவறினால் என்ன? நர்சிங் ஹோம் கைமாறினால் ஒப்பந்தம் யாரோடு? இந்தத் தொழிலில் உரிமையாளர்கள் அடிக்கடி மாறுவதால் மூன்றாவது கேள்வி வெறும் பேச்சுக்கு அல்ல. எந்தச் சம்பளத்தில் எல்பிஎன்னாக எடுப்பார்கள் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த 5,000ஐ இரண்டு வருடக் குறைந்த சம்பளத்தில் திருப்பி எடுத்துவிடுவார்கள்.

எல்லாம் சேர்த்தும் குறைந்தால்தான் கடன். மத்திய அரசின் டைரக்ட் லோனில் இன்டிபென்டன்ட் மாணவருக்கு முதல் வருட உச்சம் 9,500 டாலர், அதில் 3,500 மட்டுமே படிக்கும்போது வட்டி ஏறாத வகை. 2025-26இல் எடுத்த கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். பள்ளி உச்சத் தொகையைத்தான் திரையில் காட்டும், வேண்டிய அளவை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்லாது. வட்டி ஏறாத பகுதியை எடுத்துவிட்டு மற்றதை மறுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் அந்த ஆண்டுக்குள் மறுபடி கேட்கலாம். பேச்சலர் பட்டக் காரணத்தால் பெல் மறுக்கப்பட்டவருக்கும் இந்தக் கடன் உண்டு. தனியார் வங்கிக் கடனும் பள்ளியின் சொந்தத் தவணைத் திட்டமும் இதற்குப் பிறகுதான்.

நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் சேரும்போது சொல்வதில்லை. ஒரு தவணைக் காலத்தின் 60 சதவீதத்தைத் தாண்டும் முன் விலகினால், படித்த விகிதத்துக்கு மட்டுமே எய்டு உங்களுடையது. உதாரணமாக 450 மணித் தவணையில், அட்டவணைப்படி 180 மணி ஆகியிருக்கும்போது நிறுத்தினால் 40 சதவீதம். 3,697 டாலரில் 1,479 தான் உங்கள் கணக்கில் நிற்கும். மீதி 2,218இல் தன் பங்கைப் பள்ளி அரசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கட்டண பாக்கி என்று உங்களுக்கு பில் அனுப்பும். நர்சிங்கில் தேர்ச்சி மதிப்பெண் பல இடங்களில் 75க்கும் மேல் என்பதால் முதல் தவணையிலேயே தடுமாறுவோர் நிறைய. தவிர்க்க முடியாமல் நிறுத்துவதாக இருந்தால், 60 சதவீதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எய்ட் ஆஃபீஸில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மணிக்கணக்குப் படிப்பில் 180 நாளுக்குள் அதே படிப்புக்குத் திரும்பினால் பழைய தவணை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

படித்த வருடத்தின் வரிக் கணக்கில், பள்ளி தரும் கட்டண விவரப் படிவமான 1098-டியை மறக்காதீர்கள். கையிலிருந்தோ கடன் வாங்கியோ கட்டிய கட்டணத்துக்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகை 20 சதவீதம், உச்சம் 2,000 டாலர். கல்லூரிப் படிப்பின் முதல் நான்கு வருடத்துக்குள் இருப்பவர் என்றால் அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி கிரெடிட் 2,500 டாலர்வரை. அதில் 40 சதவீதம், வரி ஏதும் கட்ட வேண்டியில்லாதவருக்கும் பணமாகவே வரும். இந்த இரண்டுக்குமே பள்ளி மத்திய உதவித் திட்டத்தில் சேரத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும்.